பிஃபோருக்குப் பின்னாடி என்ன இருக்கு?

ஞாயித்துக்கிழமை சாயங்காலம். முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அக்கா பொண்ணு வந்து பேப்பர் ஒண்ணை நீட்டினா. இங்கிலீஷ் விடைத்தாள். முகம் உம்முன்னு இருந்துச்சு.

"சித்தி, இதைப் பாருங்களேன். இது தப்பா?"

பத்தாம் வகுப்பு படிக்கிறா. ஒரு மார்க் கேள்வி. வாக்கியத்துல அடிக்கோடு போட்டிருக்கிற சொல் எந்த வகைன்னு எழுதணும். வாக்கியம் இதுதான்:

வீ ரீச்டு ஹோம் பிஃபோர் த ரெயின் ஸ்டார்டட்.

(மழை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வீடு வந்து சேந்துட்டோம்.)

'பிஃபோர்' கீழ கோடு. அவ 'கன்ஜங்ஷன்'னு எழுதியிருந்தா. அது மேல சிவப்பு மையில ஒரு பெருக்கல் குறி. பக்கத்துலயே 'ப்ரெபொசிஷன்'னு திருத்தம்.

"மிஸ்கிட்ட கேட்டியாடி?"

"கேட்டேன் சித்தி. பிஃபோர் ப்ரெபொசிஷன் லிஸ்ட்ல இருக்கு, லிஸ்டை ஒழுங்கா மனப்பாடம் பண்ணுன்னு சொல்லிட்டாங்க."

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு. ஒரு மார்க் போனா போகட்டும். ஆனா அந்தப் பிள்ளை வாக்கியத்தைப் படிச்சு, யோசிச்சு எழுதியிருக்கா. அவளைத் திருத்தினது ஒரு லிஸ்ட். அந்த லிஸ்டுக்கு வாக்கியம் படிக்கத் தெரியாது.

(மிஸ் மேல கோவம் இல்லைங்க. ராத்திரி உக்காந்து கட்டுக் கட்டா பேப்பர் திருத்துறவங்க அவங்க. கோவமெல்லாம் அந்த லிஸ்ட் மேலதான்.)

அந்த லிஸ்ட் உங்களுக்கும் தெரியும். இன், ஆன், அட், டு, ஃப்ரம், வித், பிஃபோர், ஆஃப்டர், சின்ஸ், டில்... இதெல்லாம் ப்ரெபொசிஷன். ஆண்ட், பட், ஆர், பிகாஸ், தோ, இஃப்... இதெல்லாம் கன்ஜங்ஷன். ரெண்டு பெட்டி. எந்த வார்த்தை எந்தப் பெட்டின்னு தெரிஞ்சா போதும்னு நானும் அப்படித்தான் படிச்சேன். பரீட்சையில மார்க்கும் வந்துச்சு.

அந்தப் பெட்டி உடைஞ்சது வேலைக்குப் போன இடத்துல.

புதுசா ஒரு கம்பெனியில டெஸ்பாட்ச் செக்ஷன்ல சேந்திருந்தேன். சரக்கு ஒரு நாள் தாமதம். கஸ்டமருக்குக் கடிதம் எழுதச் சொன்னாங்க. 'பிகாஸ் ஆஃப் த லாரி கேம் லேட்'னு எழுதிக் கொண்டுபோய் வெச்சேன். அங்க வயசான அக்கவுண்டன்ட் ஒருத்தர் இருந்தார். பென்சிலை எடுத்து 'ஆஃப்'ஐ ஒரு சுழி, 'கேம்'ஐ ஒரு சுழி சுழிச்சார்.

"அம்மா, உனக்கு 'ஆஃப்' வேணுமா, 'கேம்' வேணுமா? ஏதாவது ஒண்ணுதான் வெச்சுக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். கடிதத்தைத் திருப்பிக் குடுத்துட்டார்.

'ஆஃப்'ஐ எடுத்தா: பிகாஸ் த லாரி கேம் லேட். சரி.
'கேம்'ஐ எடுத்துட்டு 'லேட்'டை முன்னாடி தள்ளினா: பிகாஸ் ஆஃப் த லேட் லாரி. அதுவும் சரி.

ரெண்டும் சேந்து இருந்தா தப்பு. ஏன்னு எனக்கு அன்னிக்குப் புரியல. ஆனா அந்த ரெண்டு பென்சில் சுழி மனசுலயே நின்னுபோச்சு. அதுக்கப்புறம் நானே விதி கண்டுபிடிக்க ஆரம்பிச்சேன்.

முதல் விதி: அந்த வார்த்தைக்குப் பின்னாடி சின்னதா ஏதாவது வந்தா ப்ரெபொசிஷன், நீளமா வந்தா கன்ஜங்ஷன். 'பிஃபோர் லஞ்ச்' சின்னது. 'பிஃபோர் த ரெயின் ஸ்டார்டட்' நீளம். நல்லாத்தான் ஓடிச்சு. ஒரு நாள் 'பிஃபோர் த ஸ்டார்ட் ஆஃப் த செகண்ட் ஷிஃப்ட் இன் த மெயின் கோடவுன்'னு ஒண்ணு வந்துச்சு. ரயில் மாதிரி நீளம். ஆனாலும் 'பிஃபோர்' அங்க ப்ரெபொசிஷன்தான். அத்தனை பெட்டியிலயும் ஒரு வினை கூட இல்ல, மொத்தமும் சேந்து ஒரு பெயர் வேலையைத்தான் பாக்குது. முதல் விதி போச்சு.

ரெண்டாவது விதி: பின்னாடி வினை இருந்தா கன்ஜங்ஷன். இது கொஞ்ச நாள் தாங்குச்சு. அப்புறம் 'பிஃபோர் கோயிங் டு பெட்' வந்து நின்னுச்சு. 'கோ' வினைதானே? ஆனா 'கோயிங்' அங்க 'போறது'ங்கற பெயர்ச்சொல் வேலையைப் பாக்குது. யார் போறாங்க? சொல்லல. எப்போ? நேத்தா நாளைக்கா? அதுவும் சொல்லல. ஆளும் இல்ல, காலமும் இல்ல. ரெண்டாவது விதியும் போச்சு.

அங்கதான் பிடி கிடைச்சுது. வினை இருந்தா மட்டும் பத்தாது. 'யாரு? என்ன பண்ணாங்க?'ன்னு ரெண்டு கேள்வி கேக்கணும், ரெண்டுக்கும் பதில் வரணும். வந்தா அங்க ஒரு முழு வாக்கியம் நிக்குது, அதுக்கு முன்னாடி இருக்கிறது கன்ஜங்ஷன். வரலைன்னா அது வெறும் பெயர், முன்னாடி இருக்கிறது ப்ரெபொசிஷன்.

த ரெயின் ஸ்டார்டட். யாரு? மழை. என்ன பண்ணுச்சு? ஆரம்பிச்சுது.

அப்போ அக்கா பொண்ணு, நம்ம பாப்பா, எழுதினது சரி.

இன்னொரு சோதனையும் இருக்கு. அந்த வார்த்தைக்குப் பின்னாடி ஒரு ஆளை வெச்சுப் பாருங்க. 'ஆஃப்டர் ஹிம்'னு வந்தா ப்ரெபொசிஷன். 'ஆஃப்டர் ஹி கேம்'னு வந்தா கன்ஜங்ஷன். 'ஹி'யா 'ஹிம்'மான்னு நம்ம வாய்க்கே தெரியும்.

(இந்தச் சோதனை தடுக்கி விழுற ஒரு இடம் 'தேன்'. 'ஓல்டர் தேன் மீ'யா, 'ஓல்டர் தேன் ஐ'யா? ராபர்ட் லோத்னு ஒருத்தர், பின்னாள்ல லண்டன் பிஷப் ஆனவர், 1762ல ஒரு இலக்கண நூல் போட்டார். விட்டுப்போன வினையைச் சேத்துப் படி, எது வரணும்னு அதுவே சொல்லும்ங்கறது அவர் வழி. 'தேன் ஐ ஆம்'. அப்போ 'ஐ'. ஆனா பேசுறவங்கள்ல நிறைய பேர் 'தேன் மீ'தான் சொல்றாங்க. இருநூத்தம்பது வருஷம் தாண்டியும் அந்தப் பஞ்சாயத்து தீரல. பரீட்சையில ரெண்டையும் ஏத்துக்கறதுதான் நியாயம்னு நான் நினைக்கிறேன்.)

இப்போ நம்ம ஊர்ல பத்தாவது, பன்னெண்டாவது எழுதின எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு கட்டம் இருக்கு. சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ். 'இன் ஸ்பைட் ஆஃப்' ஒரு பக்கம், 'பட்' நடுவுல, 'தோ' அந்தப் பக்கம். 'பிகாஸ் ஆஃப்', 'ஸோ', 'ஆஸ்'. ராத்திரி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம்.

அந்தக் கட்டத்தை இன்னொரு தடவை பாருங்க. சிம்பிள் பக்கம் ப்ரெபொசிஷன். மத்த ரெண்டு பக்கமும் கன்ஜங்ஷன். ஏன்? சிம்பிள் வாக்கியத்துல காலம் காட்டுற வினை ஒண்ணுதான் இருக்கலாம். அதனால ரெண்டாவது வினையை மடிச்சு, பெயராக்கி, ப்ரெபொசிஷனுக்குப் பின்னாடி சொருகணும்: 'இன் ஸ்பைட் ஆஃப் பீயிங் புவர்'. காம்ப்ளெக்ஸ்ல ரெண்டாவது வினை தன் ஆளோட நிமிந்து நிக்கலாம்: 'தோ ஹி இஸ் புவர்'. மொத்தக் கட்டமும் இந்த ஒரு விஷயத்தைத்தான் சொல்லுது. வருஷக்கணக்கா அதை மனப்பாடம் பண்ண வெச்சாங்க. இந்த ஒரு வரியை யாராவது சொல்லியிருந்தா அத்தனை பேருக்கும் அரை மணி நேரத்துல புரிஞ்சிருக்கும். இதை நினைச்சா இன்னிக்கும் ஆத்தாமையா இருக்கு.

சரி, நமக்கு ஏன் இது இவ்வளவு குழப்புது? நம்ம தமிழ்ல இந்த வேலை நடக்கிற விதமே வேற. கீரை ஆயறதை நிறுத்திட்டு பாப்பாகிட்ட இதைத்தான் ரொம்ப நேரம் பேசினேன்.

மழையால வரல.
மழை பேஞ்சதால வரல.

முதல்ல 'மழை' கூட 'ஆல்'. ரெண்டாவதுல 'பேஞ்சது' கூட அதே 'ஆல்'. இங்கிலீஷ்காரன் முதலாவதுக்கு 'பிகாஸ் ஆஃப்', ரெண்டாவதுக்கு 'பிகாஸ்'னு ரெண்டு கருவி எடுப்பான். நமக்கு ஒரே கருவி போதும், ஏன்னா நாம மழை பேஞ்ச முழு சம்பவத்தையும் 'பேஞ்சது'ன்னு ஒரு பெயரா மடிச்சுடுறோம். மடிச்சாச்சுன்னா வேற எந்தப் பெயரையும் போல அதுலயும் உருபை ஒட்டிடலாம்.

சாப்பாட்டுக்கு முன்னாடி. சாப்பிடுறதுக்கு முன்னாடி. ரெண்டுலயும் 'க்கு'தான்.

சாயங்காலம் வரைக்கும். அவ வர்ற வரைக்கும்.

பரீட்சையின்போது. பரீட்சை எழுதும்போது. இந்தப் 'போது' யாருன்னு கேட்டா, நம்ம 'பொழுது'தான். அது ஒரு பெயர்ச்சொல். 'எழுதும் பொழுது'. இங்கிலீஷ்ல முதலாவதுக்கு 'ட்யூரிங்', ரெண்டாவதுக்கு 'வைல்'. நம்ம பிள்ளைங்க 'ட்யூரிங் ஐ வாஸ் ரைட்டிங்'னு எழுதுறது கவனக்குறைவு இல்லைங்க. தமிழ்ல ஒரே 'போது' ரெண்டு இடத்துலயும் வர்றப்போ, காது வித்தியாசம் கேட்டுப் பழகவே இல்ல. நான் 'பிகாஸ் ஆஃப் த லாரி கேம்'னு எழுதினதும் இதனாலதான். மனசுல 'லாரி லேட்டா வந்ததால'ன்னு ஒரே மூச்சுல ஓடியிருக்கு.

இங்கிலீஷ் எல்லா நேரமும் அப்படி மடிக்காது. முழு வாக்கியத்தையும் ஆளோட, வினையோட அப்படியே நிக்க வெச்சு, முன்னாடி ஒரு வார்த்தையை மாட்டும். சில இடத்துல அதுக்குத் தனிக் கருவி வெச்சிருக்கு: 'ட்யூரிங்', 'வைல்'. 'டெஸ்பைட்', 'தோ'. சில இடத்துல ஒரே கருவியே ரெண்டு வேலையும் பாக்குது: 'பிஃபோர்', 'ஆஃப்டர்', 'சின்ஸ்', 'டில்'. பிரச்சினை பண்றது இந்த ரெண்டாவது கூட்டம்தான். லிஸ்ட் செல்லுபடியாகாத இடமும் இதுதான்.

இதைச் சொன்னதும் பாப்பா ஒரு கேள்வி கேட்டா.

"அப்போ தமிழ்ல ப்ரெபொசிஷன், கன்ஜங்ஷன்னு பிரிக்கவே இல்லையா சித்தி?"

தொல்காப்பியத்துல சொல் நாலு வகை. பெயர், வினை, இடை, உரி. வேற்றுமை உருபும் இடைச்சொல்தான். சேக்கிற 'உம்'மும் இடைச்சொல்தான். எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைங்க, ஒரே இயல்ல வருது. 'முன்னிடைச்சொல்', 'இணைப்புச்சொல்'னு இப்போ புத்தகத்துல போடுறதெல்லாம் இங்கிலீஷ் இலக்கணத்தைத் தமிழ்ல சொல்றதுக்காகப் பின்னாடி உண்டாக்கின பேரு.

இன்னொரு ஆச்சரியம். கிரேக்கத்துல ஸ்டோயிக் தத்துவக்காரங்களும் இதையே பண்ணியிருக்காங்க. ரெண்டுக்கும் சேத்து 'சிண்டெஸ்மோஸ்'னு ஒரே பேரு. கட்டு, பிணைப்புன்னு அர்த்தம். ப்ரெபொசிஷனை 'முன்னாடி நிக்கிற பிணைப்பு'ன்னு சொன்னாங்க. அப்புறம் வந்த இலக்கணக்காரங்க சொல்லை எட்டு வகையா பிரிச்சு ரெண்டையும் தனித்தனி வீட்டுக்கு அனுப்பினாங்க. டயோனிசியஸ் த்ராக்ஸ் பேர்ல இருக்கிற நூல்ல அந்த எட்டைப் பாக்கலாம். அது லத்தீன் வழியா இங்கிலீஷுக்கு வந்து, அங்கிருந்து நம்ம பிள்ளைங்க கைடு வரைக்கும் வந்து சேந்திருக்கு.

இப்போ ஒரு விஷயத்தை நான் நேர்மையா சொல்லியாகணும். மிஸ் எழுதின 'ப்ரெபொசிஷன்' சரின்னு சொல்ற பெரிய ஆளுங்களும் இருக்காங்க.

டென்மார்க்ல ஓட்டோ யெஸ்பர்சன்னு ஒரு மொழியியல் அறிஞர். 1924ல வந்த அவரோட இலக்கணத் தத்துவ நூல்ல கேக்கிற கேள்வி ரொம்ப நியாயமானது. 'பிலீவ்'னு ஒரு வினை. பின்னாடி ஒரு பெயர் வரலாம், ஒரு முழு வாக்கியமும் வரலாம். 'பிலீவ் ஹிம்'. 'பிலீவ் ஹி இஸ் ரைட்'. ரெண்டுலயும் அது வினைதான், யாரும் ரெண்டு பேர் வெக்கல. அப்போ 'ஆஃப்டர்'க்கு மட்டும் பின்னாடி வர்றதைப் பாத்து ஏன் பேரை மாத்தணும்? 'சின்ஸ்'க்குப் பின்னாடி எதுவுமே இல்லாமயும் வருமே. 'ஐ ஹாவ் நாட் சீன் ஹிம் சின்ஸ்'. அதுக்கு 'அட்வெர்ப்'னு மூணாவது பேரு வெச்சிருக்காங்க. ஒரே வார்த்தை, ஒரே அர்த்தம், மூணு அடையாள அட்டை.

ஹடுல்ஸ்டனும் புல்லமும் சேந்து 2002ல வெளியிட்ட கேம்பிரிட்ஜ் இங்கிலீஷ் இலக்கணம் இதே வழியில இன்னும் தூரம் போச்சு. அதுல 'பிஃபோர்', 'ஆஃப்டர்', 'பிகாஸ்', 'தோ' எல்லாமே ப்ரெபொசிஷன். பின்னாடி வாக்கியம் வந்தாலும் ப்ரெபொசிஷன்தான்.

எனக்கு அந்த வாதம் பிடிச்சிருக்கு. தொல்காப்பியர் பக்கத்துல உக்கார வெக்கலாம்னு கூடத் தோணுது. ஆனா பாப்பாவோட பாடப்புத்தகம் அந்த வழியில எழுதினது இல்ல. பி.சி. ரென்னும் எச். மார்ட்டினும் எழுதின இலக்கணப் புத்தகம் நம்ம நாட்டுல எத்தனையோ வீட்டுல இருக்கே, அது போற பழைய எட்டு வகை வழியிலதான் பள்ளிக்கூடமும் போகுது. அந்த வழியில முழு வாக்கியத்துக்கு முன்னாடி நிக்கிற 'பிஃபோர்' கன்ஜங்ஷன். கேள்வி கேட்டவங்க எந்த இலக்கணத்தை நடத்தினாங்களோ அதுக்குள்ளதான் திருத்தணும். இதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

சில வார்த்தைங்க பொறந்த கதை தெரிஞ்சா இந்தப் பிரிவு எவ்வளவு மெல்லிசுன்னு புரியும். 'பிகாஸ்' எப்படி வந்துச்சு? 'பை காஸ்'. 'காரணத்தால'. உள்ள ஒரு ப்ரெபொசிஷன், ஒரு பெயர்ச்சொல். ரெண்டும் ஒட்டி இன்னிக்கு ஒரு கன்ஜங்ஷன். அந்தக் காரணத்தைச் சொல்ல 'ஆஃப்'ஐச் சேத்தா மறுபடியும் ப்ரெபொசிஷன்.

'ட்யூரிங்' இன்னும் அழகு. 'ட்யூர்'னு ஒரு பழைய வினை இருந்துச்சு, நீடிக்கிறதுன்னு அர்த்தம். வினை வழக்கொழிஞ்சு போச்சு, அதோட 'இங்' வடிவம் மட்டும் ப்ரெபொசிஷனா உயிரோட இருக்கு. நம்ம 'விட' மாதிரி. 'அவனை விட உயரம்'னு சொல்றோமே, அந்த 'விட' விடுறதுங்கற வினை. 'அதைப் பத்தி' சொல்றோமே, அது பற்றுறதுங்கற வினை. தினமும் பேசுறோம், உள்ள ஒரு வினை இருக்குன்னு நினைச்சே பாக்கறதில்ல. இதைச் சொன்னப்போ பாப்பா, "அட, 'விட'வுக்குள்ள 'விடு'வா!"ன்னு கண்ணை விரிச்சா. அன்னிக்குச் சாயங்காலத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச நிமிஷம் அதுதான்.

'டெஸ்பைட்'ல ஒரு எச்சரிக்கை. 'இன் ஸ்பைட் ஆஃப்' பழக்கத்துல 'டெஸ்பைட் ஆஃப்'னு எழுதிடறோம். 'ஆஃப்' வேண்டாம். 'டெஸ்பைட் த ரெயின்', அவ்வளவுதான்.

'பட்' எல்லாருக்கும் கன்ஜங்ஷனாத்தான் தெரியும். ஆனா 'நோபடி பட் ஹிம்'னு வந்தா? 'அவனைத் தவிர'. அங்க அது ப்ரெபொசிஷன். 'ஃபார்' தலைகீழ். வழக்கமா ப்ரெபொசிஷனா வர்றது, பழைய கதைப் புத்தகத்துல 'ஏன்னா'ங்கற அர்த்தத்துல கன்ஜங்ஷனா வந்து நிக்கும்.

'லைக்' பெரிய சண்டைக்காரன். 1954ல அமெரிக்காவுல வின்ஸ்டன் சிகரெட்டுக்கு ஒரு விளம்பரம் வந்துச்சு. அதுல 'லைக்'குக்குப் பின்னாடி ஆளும் வினையும் வந்துருச்சு. 'ஆஸ்' போட வேண்டிய இடத்துல 'லைக்'கான்னு இலக்கணக்காரங்க கொதிச்சுட்டாங்க. 1961ல வந்த வெப்ஸ்டர் மூணாவது பெரிய அகராதி, 'லைக்'ஐ கன்ஜங்ஷனாவும் கண்டிக்காம பதிவு பண்ணுச்சு. அகராதிக்கும் சேத்துத் திட்டு விழுந்துச்சு. பேச்சுல இன்னிக்கு அது சாதாரணம். பாப்பாகிட்ட நான் சொன்னது: பேசுறப்போ எப்படி வேணா பேசு, பரீட்சையில வாக்கியம் வந்தா 'ஆஸ்' போடு.

பேசிக்கிட்டே இருந்ததுல இருட்டிருச்சு. கீரை பாதியில கிடக்கு. அக்கா உள்ளேருந்து, "சோறு ஆறுதுடி, ரெண்டு பேரும் வாங்க"ன்னு கூப்பிட்டா. எழுந்திரிச்சுப் போறப்போ பாப்பா சொன்னா:

"ஆஃப்டர் டின்னர், ப்ரெபொசிஷன். ஆஃப்டர் அம்மா கால்டு அஸ், கன்ஜங்ஷன்."

லிஸ்ட் இல்லாம, தானா.

திங்கட்கிழமை பேப்பரை எடுத்துட்டுப் போனா. 'ரெயின்' கீழ பென்சில்ல 'யாரு'ன்னும், 'ஸ்டார்டட்' கீழ 'என்ன பண்ணுச்சு'ன்னும் எழுதி, மிஸ்கிட்ட மரியாதையா காட்டியிருக்கா. மிஸ் வாங்கிப் படிச்சுப் பாத்துட்டு, மத்தியானம் சொல்றேன்னு வெச்சுக்கிட்டாங்களாம். மத்தியானம் கூப்பிட்டு ஒரு மார்க் சேத்துப் போட்டுட்டாங்க. அதே பதிலை எழுதியிருந்த இன்னும் நாலு பேருக்கும் சேத்து. (அந்த மிஸ்ஸுக்கு என் வணக்கம். தன் சிவப்பு மையைத் தானே அடிக்கிறதுக்குப் பெரிய மனசு வேணும்.)

இதைப் படிக்கிறவங்கள்ல டீச்சர்கள் இருந்தா ஒரே ஒரு வேண்டுகோள். 'பிஃபோர்', 'ஆஃப்டர்', 'சின்ஸ்', 'டில்', 'ஆஸ்', 'தேன்', 'ஃபார்', 'பட்'. எட்டே வார்த்தைதான். லிஸ்டுல இந்த எட்டுக்கும் பக்கத்துல ரெண்டு ரெண்டு வாக்கியம் எழுதிப் போடுங்க. மொத்தம் 16 வாக்கியம். ஒரு பீரியட் போதும்.